பொது வளவின் மரம் யாருடைய பொறுப்பு?

இடம்பெயர்ந்து போனவர்கள் பல வருடங்களின் பின் தங்கள் ஊருக்குத் திரும்பி வரும்போது முதலில் எதைத் தேடுவார்கள் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? வீட்டுக்குக் கூரை இராது. வேலி போயிருக்கும். கிணறு தூர்ந்து கிடக்கும். பற்றைக்காட்டின் நடுவே, "அதோ நிற்கிறது எங்கட புளி, அதற்கு இந்தப் பக்கம்தான் நம்மட வளவு" என்று கை நீட்டிக் காட்டுவார்கள். எல்லைக் கல் புதைந்து போனாலும் எல்லையில் நின்ற பூவரசு புதைந்து போவதில்லை.

இந்த உண்மையைச் சொறிக்கல்முனை, வீரமுனை, நாவிதன்வெளி முதலான ஊர்களின் மக்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி கிழக்குக் கரையின் தென்னைகளை ஒரே இரவில் முறித்துப் போட்டது. 1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது தமிழரும் முஸ்லிம்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக ஓடினார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோர ஊர்கள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். வாழ்ந்த வளவை இழந்த குடும்பங்கள் கூடாரங்களிலும், தற்காலிகக் கொட்டில்களிலும், பின்னர் வீட்டுத்திட்டங்களிலும் குடியேறின.

அப்படிக் குடியேறிய இடங்களில் நிற்கும் மரங்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை. ஒரு குடும்பத்தின் வளவில் நிற்கும் மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டு. இருபது குடும்பங்கள் கூடி வாழும் இடத்தில் நிற்கும் வேம்புக்கும் தென்னைக்கும் ஊற்றுவது யார்?

எல்லாருக்கும் சொந்தம், எவருக்கும் பொறுப்பில்லை

பொதுக் குடியிருப்பில் மரம் சாவதற்கு நோயோ பூச்சியோ மாத்திரம் காரணமல்ல. "இது நம்மட காணி இல்லையே, இதை நட்டு என்னத்துக்கு?" என்ற எண்ணம் பெரிய காரணம். "நான் தண்ணி ஊத்த, காயை வேற ஆக்கள் பறிக்கிறதோ?" என்ற மனக்குறை இன்னொரு காரணம். இரண்டும் நியாயமான கேள்விகளே. இவற்றுக்கு விடை காணாமல் மரநடுகை விழா வைத்து ஆயிரம் கன்றுகளை நட்டாலும் அவை அடுத்த கச்சான் காலத்தைத் தாண்டா. கூட்டங்களில் கன்று பகிரும் நிறுவனங்களும் இதனை உணர வேண்டும்.

இதற்கு வெளியூர்களில் கண்ட வழிகள் இரண்டைச் சொல்வோம். தமிழ்நாட்டில் அரசாங்கப் புறம்போக்கு நிலத்தில் நிற்கும் மரங்களைப் பராமரித்து அனுபவிக்கும் உரிமையைக் கொடுக்கும் ஒரு முறை உண்டு. அதனை 2சி பட்டா என்பார்கள். நிலம் அரசுக்குரியது, மரத்தின் பலன் பட்டா பெற்றவருக்குரியது. நிலத்தையும் பலனையும் வேறு வேறாகப் பிரித்து நோக்க முடியும் என்பதற்கு இது சான்று.

மற்றது கென்யா நாட்டில் வங்காரி மாதாய் அம்மையார் 1977ஆம் ஆண்டு தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம். அங்கே கிராமத்துப் பெண்கள் கன்றுகளை வளர்த்தார்கள். அவர்களுக்கு ஒரு சிறு தொகை கொடுக்கப்பட்டது. ஆனால் நட்ட கன்றுக்கல்ல, உயிர் பிழைத்த கன்றுக்கு. நட்டவுடன் வேலை முடிந்தது என்று எவரும் வீட்டுக்குப் போக முடியவில்லை. அந்த அம்மையாருக்கு 2004ஆம் ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நம் கையாலேயே நாம் செய்யும் தீங்கு

மரத்துக்கு வரும் கேடுகளிற் பாதி நம்முடைய கையாலேயே வருகின்றது. உங்கள் குடியிருப்பைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். கீழே சொல்லும் காட்சிகளில் இரண்டொன்றாவது உங்கள் கண்ணிற் படும்.

முதலாவது, குப்பைக்கு நெருப்பு. கூட்டிய சருகையும் பொலித்தீனையும் மரத்தடியிற் குவித்துக் கொளுத்துகிறோம். மரத்தின் உயிர் பட்டைக்கு உட்புறமாக உள்ள மெல்லிய படையில் இருக்கிறது. வெளிப்பட்டை கரியாகாவிட்டாலும் உள்ளே இருக்கும் அந்தப் படை வெந்துவிடும். ஒரு பக்கம் வெந்தால் அந்தப் பக்கத்துக் கொப்புகள் காயும். சுற்றிவர வெந்தால் மரமே பட்டுப்போகும்.

இரண்டாவது, கம்பி. உடுப்புக் காயப்போடவும் வேலி கட்டவும் மரத்தைச் சுற்றிக் கம்பியை இறுக்குகிறோம். மரம் பருக்கும், கம்பி பருக்காது. நாலைந்து வருடத்தில் கம்பி பட்டைக்குள் புதைந்து மரத்தின் கழுத்தை நெரிக்கும். கயிறு கட்டுவதானாலும் பழைய ரயர்த் துண்டை இடையில் வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். வருடம் ஒருமுறை அவிழ்த்து மாற்றிக் கட்டுங்கள்.

மூன்றாவது, மண் நிரப்புதல். வீட்டுத்திட்டங்கள் பல பள்ளக் காணிகளிலும் வயற் காணிகளிலும் கிறவல் கொட்டி உயர்த்திக் கட்டப்பட்டவை. ஏற்கெனவே நின்ற மரத்தின் அடியில் ஓரடி, இரண்டடி உயரத்துக்கு மண் ஏறினால் வேருக்குக் காற்றுப் போகாது. மரத்தின் உணவு வேர்களிற் பெரும்பாலானவை மேல் மண்ணிலே, இரண்டடி ஆழத்துக்குள் இருப்பவை. மூச்சுத் திணறிய மரம் உடனே சாவதில்லை. இரண்டு மூன்று வருடம் தாமதித்து நுனியிலிருந்து காய்ந்து வரும். அப்போது நாம் நோய் என்று நினைத்து மருந்து தேடுவோம். அடிமரம் நிலத்தோடு சேரும் இடம் விரிந்து தெரிய வேண்டும். தெரியாமற் கம்பம் நட்டதுபோல நின்றால் மண் ஏறியிருக்கிறது என்று அறிந்து, அடியைச் சுற்றிய மண்ணை மெதுவாக அகற்றுங்கள். வேரை வெட்டிவிடாதீர்கள். முற்றத்துக்குச் சீமெந்து போடும்போதும் மரத்தைச் சுற்றி ஆகக் குறைந்தது மூன்றடி இடமாவது விட வேண்டும்.

நான்காவது, ஆடு மாடு. இரவில் மரத்தடியிற் கட்டிய மாடு மண்ணை மிதித்துக் கல்லாக்கும். ஆடு பட்டையை உரித்துத் தின்னும். நட்டு இரண்டு வருடமாகாத கன்றுக்கு முட்கொப்பினாலோ பனை மட்டையினாலோ கூடு கட்டாமல் விடுவது, ஆட்டுக்குச் சாப்பாடு வைப்பதற்குச் சமம்.

தென்னைக்குக் காயம் ஆகாது

நம் பகுதியின் குடியிருப்புகளில் தென்னை இல்லாத இடமில்லை. ஆகவே தென்னையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வோம். மாமரத்துக்கோ வேம்புக்கோ காயம் பட்டால் புதுப் பட்டை வளர்ந்து மூடும். தென்னைக்கு அந்த வசதி இல்லை. ஏறுவதற்காக வெட்டிய படியும் அறைந்த ஆணியும் அது சாகும் வரை காயமாகவே இருக்கும். தென்னைக்கு உள்ளது ஒரே ஒரு குருத்து. அது அழிந்தால் மரம் அழிந்தது.

இந்தக் காயங்களின் மணத்துக்குத்தான் செவ்வண்டு வருகிறது. இளந்தென்னைகளையே அது பெரும்பாலும் தாக்கும். காயத்தில் முட்டை இட, புழுக்கள் உள்ளே குடைந்து தின்னும். தண்டிலிருந்து மண்ணிறமான சாறு வடிதல், துளையில் மென்று துப்பிய தும்பு தெரிதல், காதை வைத்துக் கேட்டால் கறகறவென்ற சத்தம் என்பன இதன் அறிகுறிகள். தொடக்கத்திலே கண்டால் காப்பாற்றலாம். தென்னை பயிர்ச்செய்கைச் சபையின் உத்தியோகத்தரிடமோ விவசாயப் போதனாசிரியரிடமோ உடனே சொல்லுங்கள். மண்டை சாய்ந்த பின் செய்ய ஒன்றுமில்லை. அந்த மரத்தைத் தறித்துப் பிளந்து எரித்துவிட வேண்டும். அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் புழுக்கள் வண்டாகிப் பக்கத்து மரங்களுக்குப் போகும். பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டாமல் நான்கடியாவது விட்டு வெட்டுவதும் நல்ல பாதுகாப்பு.

காண்டாமிருக வண்டின் கதை வேறு. அது குருத்தைத் துளைக்கும். குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணமாகக் காணப்படும். இந்த வண்டு பிறப்பது சாணிக் குவியலிலும், உக்கும் தென்னங்குற்றியிலும், குப்பைக் கிடங்கிலும். ஒரு வீட்டின் சாணிக் குவியல் அடுத்த வீட்டின் தென்னையைக் கொல்லும் என்பது இதன் பொருள். மாதம் ஒருமுறை எருக் குவியலைப் புரட்டிவிட்டால் வெள்ளைப் புழுக்கள் வெளிவரும். கோழிகள் மிச்சம் வைக்கா. இளந்தென்னையின் மேல் மட்டைக் கவட்டுகளில், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்குமாகக் கலந்து இடலாம்.

அண்மைக் காலத்தில் வெள்ளை ஈயின் தொல்லை நாட்டின் பல பகுதிகளிலும் பெருகியுள்ளது. ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக வெண்மையான மெழுகு படிந்திருக்கும். ஈ சொரியும் இனிப்பு நீரிற் கரும் பூஞ்சணம் படர்ந்து கீழே நிற்கும் கொய்யாவும் வாழையும் கறுத்துப் போகும். கைக்கெட்டும் இளமரங்களில் ஓலையின் அடிப்புறத்தைத் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவுவதும், சவர்க்காரம் சிறிது கலந்த வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிப்பதும் பயன் தரும். கடும் நஞ்சு தெளித்தால் ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளும் சாகும். எதைச் செய்தாலும் தெரு முழுவதும் ஒரே கிழமையிற் செய்ய வேண்டும். ஒரு வீடு தெளித்து ஒன்பது வீடு சும்மா இருந்தால் ஈ வேலியைத் தாண்டித் திரும்பி வரும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. தென்னைக்குத் தென்னை 26 அடி இடைவெளி வேண்டுமென்பது தோட்டக் கணக்கு. 10 பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 2,720 சதுர அடி. அதில் 500 சதுர அடியில் வீடும், கிணறும், மலசலகூடமும் போக மிஞ்சுவது இரண்டு தென்னைக்கே போதும். ஐந்து ஆறு என்று நெருக்கி நட்டால் எல்லாம் வெளிச்சத்தைத் தேடி நெடுத்து, காயும் தராமற் கூரைக்கும் ஆபத்தாகும்.

குருவிச்சை என்னும் விருந்தாளி

மாமரத்தில் வேறு நிற இலையோடு கொத்தாக ஒரு செடி தொங்குகிறதா? அதுதான் குருவிச்சை. குருவிகள் அதன் பழத்தைத் தின்று விதையைக் கொப்பிலே தேய்க்க, அது கொப்புக்குள்ளேயே வேர் விட்டு மரத்தின் தண்ணீரைக் குடிக்கும். கச்சான் காலத்தில் மாமரம் வாடி நிற்கக் குருவிச்சை பச்சையாய் நிற்பதைக் காணலாம். அதை மாத்திரம் ஒடித்தால் மீண்டும் தழைக்கும். ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து ஓரடி கீழாகக் கொப்போடு வெட்ட வேண்டும். அது பழுப்பதற்கு முன்னே வெட்டுவது நல்லது. பொது மரத்திற் குருவிச்சையை விட்டு வைத்தால் குடியிருப்பின் எல்லா மாமரங்களுக்கும் அது விதை அனுப்பும்.

கொப்பு வெட்டும் முறையும் அறிய வேண்டியது. பாரமான கொப்பை மேலிருந்து ஒரே வெட்டாய் வெட்டினால் அது முறிந்து விழும்போது அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கொப்பின் கீழ்ப்புறத்தில் அரைவாசி அரியுங்கள். பின் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அரிந்து கொப்பை விழுத்துங்கள். மிஞ்சிய குற்றியைக் கடைசியாக, கொப்பு அடிமரத்தோடு சேரும் தடித்த வளையத்துக்கு வெளியே ஒழுங்காக அரிந்துவிடுங்கள். அந்த வளையத்தை வெட்டாமல் விட்டால் காயம் விரைவில் மூடும். நிழல் அதிகம் என்று மரத்தை மொட்டை அடிப்பது கூடாது. மொட்டை அடித்த இடத்தில் முளைக்கும் புதுக் கொப்புகள் பலமற்றவை. அடுத்த காற்றுக்கு முறிந்து கூரையில் விழுபவை அவையே.

மாரிக்கு முன்னும் கச்சானிலும்

நம் பகுதிக்கு மழை ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை. அப்போது கிட்டங்கி வீதியின் மேலால் வெள்ளம் பாய்வதும் படகில் போவதும் நாம் அறிந்ததே. ஆகவே செப்டெம்பர் மாதத்தில், மழைக்கு முன்னே, குடியிருப்பு மரங்கள் யாவற்றையும் ஒருமுறை பார்வையிட வேண்டும். காய்ந்த கொப்பு, புதிதாகச் சாயத் தொடங்கிய மரம், ஒரு பக்கம் வெடித்த நிலம், அடியில் முளைத்த காளான், தட்டினாற் பறை போல் ஒலிக்கும் தண்டு என்பன ஆபத்தின் அடையாளங்கள். மெல்லிய தகரக் கூரையின் கீழே பிள்ளைகள் படுத்துறங்கும் குடியிருப்பில் இந்தப் பார்வையிடல் ஓர் உயிர்காப்பு வேலை. மின் கம்பிக்கு அருகேயுள்ள கொப்பில் நீங்கள் கை வைக்க வேண்டாம். மின்சார நிலையத்துக்கு அறிவியுங்கள். மரப்பொந்துகளை மணலால் நிரப்பி, சிரட்டைகளையும் குரும்பைக் கோம்பைகளையும் பொறுக்கிவிட்டால் டெங்கு நுளம்புக்கும் இடமில்லை.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மண்ணை உலர்த்தும். இளங்கன்று சாவது இக்காலத்தில்தான். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட, கிழமைக்கு இரண்டு முறை ஒரு வாளி ஊற்றுவது வேரை ஆழப் போகச் செய்யும். அடியிற் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்முட்டியைக் கன்றின் பக்கத்தில் புதைத்து நிரப்பி மூடிவிட்டால் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். பொச்சு மட்டைகளை அடியைச் சுற்றிப் புதைப்பது நம் மூதாதையர் அறிந்த முறை. பொச்சு தண்ணீரை உறிஞ்சி வைத்துக் கொடுக்கும். குளிக்கும் தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் சிறு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் தென்னைக்கும் திருப்பலாம். மலசலகூடம் கழுவும் அமிலத் தண்ணீர் மாத்திரம் மரத்துக்கு ஆகாது.

கடல் வந்து போன கரையோர நிலங்களில் நடுவோர் ஒன்றை மனதிற் கொள்ளுங்கள். தென்னையும் பனையும் பூவரசும் உப்பைத் தாங்கும். மாவும் வாழையும் தாங்கா. முதலில் தாங்கும் மரத்தை நடுங்கள்.

கொப்பியில் எழுதி வையுங்கள்

இனிப் பொறுப்பைப் பங்கிடும் வழி. ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்து, பொது இடத்தில் நிற்கும் மரங்களுக்கு இலக்கம் இடுங்கள். ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் இரண்டு குடும்பங்களின் பெயரை எழுதுங்கள். ஒரு குடும்பம் ஊருக்குப் போனாலும் மற்றக் குடும்பம் தண்ணீர் ஊற்றும். பலன் எப்படிப் பிரியும் என்பதையும் காய்க்கும் முன்னே எழுதிக்கொள்ளுங்கள். பாதி பார்த்தவர்களுக்கு, பாதி எல்லோருக்கும் என்பது ஒரு முறை. பாதியை விற்றுக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெட்டியிற் போடுவது இன்னொரு முறை. எந்த முறையென்பதைக் குடியிருப்பே கூடித் தீர்மானிக்கட்டும். காய்த்த பின் பேசினாற் சண்டை. காய்க்கும் முன் பேசினால் உடன்படிக்கை.

வேறொருவர் காணியில் இருப்பவர்கள், தென்னை, மா போன்ற நெடுங்காலப் பயிரை நடும் முன் காணிச் சொந்தக்காரரிடம் கேட்டு, இருவரும் எழுதிக் கையெழுத்து வைப்பது நல்லது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகிய மரங்களை 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றித் தறிக்க முடியாது. தறிக்க வேண்டி வந்தாற் கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலகத்தை நாடுங்கள்.

"நாளைக்குப் போய்விடுவோமே"

"நாங்கள் ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள், இங்கே மரம் எதற்கு?" என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. பப்பாசி ஒரு வருடத்துக்குள் காய்க்கும். முருங்கைத் தடியும் வாழைக் குட்டியும் அவ்வாறே ஒரு வருடத்தளவிற் பலன் தரும். நீங்கள் இருக்கும் காலத்திலேயே உங்கள் பிள்ளைகள் உண்பார்கள். தேசியையும் மாதுளையையும் தென்னம்பிள்ளையையும் பையிலே வளர்த்து வையுங்கள். போகும் நாளில் அவை உங்களோடு வரும். வெறும் வளவுக்குத் திரும்பிப் போவதைவிடப் பத்துக் கன்றுகளோடு திரும்பிப் போவது மேலல்லவா?

நிற்கும் மரத்தை விட்டுப் போக நேர்ந்தாலும் நட்டமில்லை. 1978இல் முறிந்த தென்னைகளுக்குப் பதிலாக நட்டவர்களிற் பலர் 1990இல் அவற்றின் இளநீரைக் குடிக்க அங்கே இருக்கவில்லை. யாரோ குடித்தார்கள். நாமும் வேறு யாரோ நட்ட வேம்பின் நிழலில்தான் கூடாரம் அடித்தோம். முதல் நாள் இரவு அந்த நிழல் இல்லாதிருந்தால் நமது பிள்ளைகளின் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு, உங்கள் குடியிருப்பின் மரங்களை எண்ணிப் பாருங்கள். கம்பி இறுகிய மரம் இருந்தால் அன்றே அவிழ்த்துவிடுங்கள். அதற்குக் காசு தேவையில்லை, காணி உறுதியும் தேவையில்லை.